இராட்சத மட்டி வாடினால்: வீட்டுப் பவளத் தொட்டிக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டுப் பவளத் தொட்டியில் இராட்சத மட்டி வளர்ப்பவர், ஒரு காலையில் அதன் தோற்றத்தில் மாற்றம் கண்டால் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசி வரை தொடக்கூடாது என்பதைச் சொல்வதற்காக இவ்வழிமுறையை எழுதுகிறேன். திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டு முன்னறையில் உள்ள 200 லீற்றர் தொட்டியை மனத்தில் வைத்தே எழுதுவதால், கச்சான் காற்றும் மாரி மழையும் மின்வெட்டும் இதில் அடிக்கடி குறுக்கிடும். குளிரூட்டிய அறையில், சில்லர் என்னும் நீர் குளிர்விக்கும் கருவி பூட்டிய தொட்டியில் வளர்ப்பவர்கள் அப்பகுதிகளைத் தாண்டிச் செல்லலாம்.

என் முதல் மட்டி நோயால் சாகவில்லை. நான் செய்த வைத்தியத்தால் செத்தது. மடல் சற்றுச் சுருங்கியிருந்ததைக் கண்டு பதறி, பாறையில் ஒட்டியிருந்ததை இழுத்தெடுத்து ஒளிக்கு அருகே வைத்தேன். மறுநாள் ஒளி கூடிப்போயிற்றோ என்று கீழே இறக்கினேன். நான்காம் நாள் அது வாய் பிளந்தது. அதற்குப் பிறகுதான் நீரை அளந்தேன். உவர்த்தன்மை ஆயிரத்துக்கு 39 பங்காக ஏறியிருந்தது. ஆவியாகிக் குறையும் நீரை நன்னீரால் நிரப்புவதற்குப் பதிலாக, வாரக்கணக்கில் கடல்நீரால் நிரப்பி வந்திருக்கிறேன். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம்; எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை. அன்றிலிருந்து நான் மாற்றாமல் வைத்திருக்கும் ஒழுங்கு இது: முதலில் நீர், பிறகு ஒளி, பிறகு தொட்டியிலுள்ள அயலவர், இவை யாவும் பார்த்து முடிந்த பின்பே மட்டி.

நலமான மட்டியின் அடையாளம்

இராட்சத மட்டிப் பேரினமான டிரைடாக்னாவில் வளர்ப்போர் கைக்கு வரும் இனங்கள் பெரும்பாலும் நான்கு. குரோசியாவும் மாக்சிமாவும் பாறையில் ஒட்டிக்கொண்டு கடும் ஒளியை வேண்டுபவை. ஸ்குவமோசாவும் டெராசாவும் மணலிலும் இருக்கும், ஒளி சற்றுக் குறைந்தாலும் தாங்கும். குரோசியா 15 சென்ரிமீற்றர் அளவோடு நின்றுவிட, டெராசா அரை மீற்றரையும் தாண்டி வளரக்கூடியது என்பதை வாங்கும்போதே எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு மீற்றருக்கு மேல் வளர்ந்து 200 கிலோகிராமையும் கடக்கும் ஜிகாஸ் இனம் வீட்டுக்குரியது அன்று.

ஓட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே விரியும் வண்ணச் சதையைப் பாடநூல்கள் மென்மூடி என்று சொல்லும். நான் மடல் என்றே எழுதுகிறேன். அதனுள் குடியிருக்கும் ஒற்றைக்கல அல்காக்கள் (நுண்பாசிகள்) ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி மட்டிக்கும் பங்கு கொடுக்கின்றன. மடலில் இரண்டு வாய்கள் உண்டு: நீண்ட பிளவாகத் தெரிவது நீர் உள்ளே செல்லும் வாய், கூம்பு போல் எழும்பி நிற்பது நீர் வெளியேறும் குழல். மடலின் ஓரமெங்கும் நூற்றுக்கணக்கான சிறு கண்கள் இருப்பதால், நலமான மட்டி கையின் நிழல் விழுந்த மாத்திரத்தில் மடலை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதனை நான் நாளுக்கு ஒரு முறை, காலையில் விளக்கு எரிந்து ஒரு மணித்தியாலம் கழித்துச் சோதிப்பேன். விருந்தினர் வரும்போதெல்லாம் நிழல் காட்டி வேடிக்கை பார்த்தால், நாளடைவில் மட்டி நிழலைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடக்கூடும். பிறகு அந்தச் சோதனையால் நமக்குப் பயனில்லை.

இரண்டாவது அடையாளம் ஓட்டின் மேல் விளிம்பில் உள்ளது. வளரும் மட்டியில் அங்கே புதிதாகப் படிந்த தூய வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். மடலின் நிறத்தைவிட நான் நம்புவது இந்தக் கோட்டைத்தான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் அளக்க வேண்டியவை

உவர்த்தன்மை 35, வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியஸ், காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச். (காரத்தன்மைக்கான அலகு), கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மகனீசியம் 1250 முதல் 1350 வரை என்பவை நான் பிடித்து வைத்திருக்கும் எண்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். நைத்திரேற்று மட்டும் பூச்சியமாக இருக்கக்கூடாது. ஏன் என்பதை வெளிறல் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

எண்களைவிட அளக்கும் கருவியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். முள் அசையும் பிளாஸ்டிக் உப்புமானியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு பிழைத்துவிடும். ஒளிமுறிவைக் கொண்டு உவர்த்தன்மை அளக்கும் ரிப்ராக்டோமீட்டரை நன்னீரால் மட்டும் சரிபார்க்காமல், 35 என்று குறித்து விற்கப்படும் திரவத்தாலும் மாதம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

நீரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது திருகோணமலையில் தனிக் கவனத்துக்கு உரியது. கடல் வாசலில் இருக்கிறதே என்று கண்ட இடத்தில் கேனை அமிழ்த்தக்கூடாது. கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது. ஒக்டோபர் கடைசி தொடங்கி ஜனவரி வரை மாரி பெய்யும் நாட்களில் அங்கே மேல்நீர் பாதி ஆற்று நீராகவே இருக்கும். துறைமுகப் பக்கத்து நீரில் எண்ணெய்ப் படலத்துக்கு அஞ்ச வேண்டும். நான் நிலாவெளிப் பக்கம் கடற்றொழிலுக்குப் போகும் ஒருவரிடம் சொல்லி, மழையில்லாத மாதங்களில் கரையிலிருந்து விலகிய நீரை எடுத்து வரச்செய்து, மூடிய பிளாஸ்டிக் பரல்களில் இருட்டில், காற்று மோட்டர் ஓடவிட்டு மூன்று வாரம் வைத்த பின்பே பயன்படுத்துகிறேன். மாரி காலத்துக்குச் செயற்கை உப்புத்தான்.

ஆவியானதை ஈடுசெய்யும் நன்னீருக்குக் கிணற்று நீர் ஆகாது. ஆர்.ஓ. நீர் (மென்படலத்தால் வடித்து உப்புகளை நீக்கிய நீர்) விற்கும் இடங்களில் வாங்கலாம். ஆனால் குடிப்பதற்கான நீர் என்பதால் சில நிலையங்கள் சுவைக்காகக் கனிமங்களை மீண்டும் சேர்ப்பதுண்டு. ஆகவே நீரில் கரைந்துள்ள பொருட்களை அளக்கும் டி.டி.எஸ். மீற்றரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 5க்கு மேல் காட்டினால் நான் வாங்குவதில்லை.

மட்டி வாய் பிளந்து நிற்கிறது

இதுவே அவசரமானது. நீர் உள்ளே செல்லும் பிளவு இழுபட்டு அகன்று, உள்ளே பூக்கள் (செவுள்கள்) தெரியும் அளவுக்குத் திறந்திருக்கும். மடல் சோர்ந்து தொங்கும். நிழலுக்கு மெதுவாகச் சுருங்கும் அல்லது சுருங்கவே மாட்டாது. என் அம்மம்மா கிண்ணியாவிலிருந்து வரும் மட்டியைக் கறிக்கு எடுக்குமுன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். தட்டியும் வாய் மூடாததைச் சட்டியில் போடமாட்டார். வளர்க்கும் மட்டிக்கும் அதே சோதனைதான், தட்டுவதற்குப் பதில் நிழல்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். வளர்ந்த மட்டி நண்பகலில் மடலை முழுதாக விரித்திருக்கும்போது உள்வாய் அகலமாகத் தெரிவது இயல்பு. அது நிழலுக்கு விரைந்து சுருங்கினால் அச்சம் வேண்டாம். சுருங்காவிட்டால் பின்வரும் ஒழுங்கில் செல்லுங்கள்.

முதலில் ஒட்சிசன். மீன்கள் நீர்மட்டத்தில் வந்து மூச்சு வாங்குகின்றனவா என்று பாருங்கள். மின்சாரம் நின்று இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகியிருந்தால் வேறு காரணம் தேடவேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, பற்றறியில் ஓடும் இரண்டு சிறு காற்று மோட்டர்களே என் தொட்டியைக் காப்பாற்றின. காற்றுக்கல்லை மட்டிக்கு நேர் கீழே வைக்கக்கூடாது; குமிழிகள் மடலுக்குள் சிக்கி அதுவே புதிய தொல்லையாகும்.

இரண்டாவது அமோனியா. பாறைக்குப் பின்னால் ஒரு மீன் செத்துக் கிடந்தாலே சிறிய தொட்டியில் அது ஏறிவிடும். அளவில் சிறிது தென்பட்டாலும், வெப்பமும் உவர்த்தன்மையும் ஒத்த நீரால் மூன்றில் ஒரு பங்கை அன்றே மாற்றுங்கள்.

மூன்றாவது நஞ்சு. மட்டியோடு இறால், நத்தை, பவளம் எல்லாம் ஒரே நாளில் சோர்ந்தால் அது நோயன்று. வெண்புள்ளி நோய்க்கு மீன்களுக்கு இடும் மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு. செம்பு மட்டிக்கு எமன். பித்தளை இணைப்பு எதுவும் உப்புநீரில் நனைகிறதா என்றும் தேடுங்கள். எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு: டெங்குக்குப் புகை அடிக்க வருவார்கள். அப்போது காற்று மோட்டரை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, சன்னல்களைச் சாத்துவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். நஞ்சுச் சந்தேகம் வந்தால் புதிய செயலூட்டிய கரியை வடிகட்டியில் இட்டு, பாதி நீரை மாற்ற வேண்டும்.

இவை மூன்றும் இல்லையென்றால், கடைசியாக மட்டியின் அடிப்பக்கம். ஓட்டின் கீழே, பிணைப்புக்கு அருகே ஒரு துளை உண்டு. அதன் வழியேதான் மட்டி பற்றிழைகளைச் சுரந்து பாறையைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இழைகளை இழுத்தெடுத்தால் சுரப்பியும் சதையும் கிழிந்து வரும். வாங்கி வந்த முதல் இரண்டு வாரத்துக்குள் வாய் பிளக்கும் மட்டிகளில் நான் பார்த்தவற்றுள் பல இவ்வாறு கிழிபட்டவையே. கொழும்பில் நான் ஒருமுறை வாங்கிய கடையில், பாறையோடு ஒட்டியிருந்ததை விற்பனையாளர் ஒரு திருகலில் பிடுங்கி ரிஜிபோம் பெட்டிக்குள் இட்டார். இரவுப் பஸ்ஸில் அது ஊர் வந்து சேர்ந்தது, ஒன்பதாம் நாள் செத்தது. இப்போது பாறையோடு சேர்த்துத் தராவிட்டால் நான் வாங்குவதில்லை. பிரிக்கத்தான் வேண்டுமென்றால், மட்டியை மெல்ல ஒரு பக்கம் சாய்த்து, பாறையை ஒட்டினாற்போல் கூரிய அலகால் இழையை மட்டும் அறுக்க வேண்டும். இழை மீண்டும் சுரக்கும். சதை போனால் வருவது அரிது. கிழிபட்டதை உணவூட்டியோ மருந்திட்டோ மீட்ட அனுபவம் எனக்கில்லை. மென்மையான நீரோட்டத்தில், மணலில் பதித்த தட்டையான கல்லின் மேல் அசையாமல் விட்டு, புழுக்கள் நெருங்காமல் பார்ப்பதே செய்யக்கூடியது.

மடல் பாதிதான் விரிகிறது

வாய் பிளக்கவில்லை, நிழலுக்குச் சுருங்குகிறது, ஆனால் மடல் ஓட்டின் விளிம்பைத் தாண்டி வருவதில்லை. புதிதாக வந்த மட்டி இரண்டு மூன்று நாள் இப்படி இருப்பது வழக்கம், விட்டுவிடுங்கள். பழகிய மட்டியில் இது தோன்றினால் பெரும்பாலும் உவர்த்தன்மை அல்லது நீரோட்டம்.

கச்சான் வீசும் மாதங்களில் காற்று உலர்ந்திருப்பதால் விசிறி நன்றாகக் குளிர்விக்கும், அதே வேகத்தில் நீரையும் குடிக்கும். 200 லீற்றரில் 10 லீற்றர் ஆவியாகி நன்னீரால் நிரப்பப்படாவிட்டால் உவர்த்தன்மை 35இலிருந்து 37க்குச் சற்றுக் கீழே வரை ஏறும். இதனை ஒரேயடியாகத் திருத்தக்கூடாது. நாளுக்கு ஒரு பங்கு வீதம் இறக்குவதே என் வழக்கம். தானாக நன்னீர் நிரப்பும் மிதவைக் கருவி ஒன்று, விலையுயர்ந்த விளக்கைவிட மட்டிக்குப் பயன்படும் என்பது என் எண்ணம்.

நீரோட்டத்தைப் பொறுத்தவரை, நீரோட்டம் உண்டாக்கும் மோட்டரான பவர்ஹெட்டின் பீச்சல் நேராக மடலில் பட்டால் ஒரு பக்கம் மடிந்தே இருக்கும். மடல் மெல்ல அலைய வேண்டுமே தவிர மடங்கக்கூடாது. மோட்டரைத் திருப்புங்கள், மட்டியைத் திருப்பாதீர்கள். பக்கத்தில் கொட்டும் பவளமோ கண்ணாடி அனிமோனோ முளைத்து மடலைத் தீண்டுகிறதா என்பதையும் பாருங்கள். இரவில் பவளங்கள் நீட்டும் கொட்டிழைகள் பகலில் தெரிவதில்லை.

மடல் வெளிறுகிறது

வெளிறல் என்பது மடலிலுள்ள அல்காக்கள் குறைந்துபோவது. இங்கே வேகம்தான் காரணத்தைக் காட்டித் தரும்.

இரண்டு மூன்று நாளில் வெளிறினால் வெப்பம் அல்லது ஒளி அதிர்ச்சி. மே தொடங்கி ஆகஸ்ட் வரை என் முன்னறையில் பிற்பகல் 33 பாகை சாதாரணம். விசிறி இல்லாத தொட்டி 31ஐத் தொடும். 30ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் மட்டி தாங்குவது கடினம். நீர்மட்டத்தின் மேல் சாய்வாக ஊதும் விசிறி இரண்டு முதல் மூன்று பாகை வரை குறைக்கும். மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் அதே விசிறி அவ்வளவு உதவாது, நல்லவேளையாக அப்போது தேவையும் குறைவு. மின்சாரம் இல்லாத பிற்பகலில் உறைந்த நீர்ப் போத்தலை மூடியபடியே மிதக்கவிடலாம். ஒரு மணித்தியாலத்தில் ஒரு பாகைக்கு மேல் இறங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கு நேரத்தை மாலைக்கும் இரவுக்கும் தள்ளிவைப்பது செலவில்லாத உபாயம்: அறையின் உச்ச வெப்பமும் விளக்கின் வெப்பமும் ஒன்றுகூடாமல் போகும்.

வெப்பம் சரியாக இருந்து, அண்மையில் புதிய எல்.ஈ.டி. பூட்டியிருந்தாலோ மட்டியை மேலே ஏற்றியிருந்தாலோ ஒளியே காரணம். விளக்கின் வலுவைப் பாதியாக்கி, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். ஒளிமானி கிடைப்பவர்களுக்கு: குரோசியாவுக்கும் மாக்சிமாவுக்கும் 250 முதல் 400 வரையும், மற்ற இரண்டுக்கும் 150 முதல் 250 வரையும் பி.ஏ.ஆர். (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி) அளவு பொதுவாகப் போதும்.

வாரக்கணக்கில் சிறிது சிறிதாக வெளிறினால் பட்டினியைச் சந்தேகியுங்கள். நீரைத் தூய்மையாக வைத்திருப்பதில் பெருமைப்படுபவர்களின் தொட்டியில்தான் இதை நான் அதிகம் கண்டேன். மட்டி தன் அல்காக்களுக்கான நைதரசனை நீரிலிருந்தே எடுக்கிறது. ஸ்கிம்மர் (நுரையால் கழிவை நீக்கும் கருவி), பாசித்தொட்டி, நைத்திரேற்று உறிஞ்சி எல்லாம் பூட்டி அளவைப் பூச்சியத்தில் நிறுத்தினால் அல்கா வாடும், பின் மட்டியும் வாடும். நைத்திரேற்று லீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பொசுபேற்று 0.03 முதல் 0.1 என்ற அளவில் இருக்கட்டும். மீன்களுக்குச் சற்றுக் கூட உணவிடுவதே எளிய திருத்தம். 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த குஞ்சு மட்டிகளுக்கு மட்டும் நுண்பாசிக் கரைசல் வாரம் மூன்று முறை ஊட்டுவது நன்று. பெரியவை ஒளியாலும் மீன் கழிவாலும் பிழைத்துக்கொள்ளும்.

வெளிறாமல் மண்ணிறமாகக் கறுத்துப்போனால் அது எதிர்த்திசை: ஒளி போதவில்லை, அல்காக்கள் பெருகியுள்ளன. உயிருக்கு ஆபத்தில்லை, அழகுக்குத்தான்.

மடலின் ஓரம் கிள்ளியது போல் மடிந்திருக்கிறது

மடலின் ஒரு பகுதியை இரு விரலால் கிள்ளிப் பிடித்தது போல் உள்நோக்கி மடிந்து, மற்றப் பகுதிகள் ஓரளவு விரிந்திருக்கும். நாளடைவில் மடிப்பு பரவி, மட்டி மெலியும். நீரும் ஒளியும் நீரோட்டமும் அயலவரும் சரியென்று உறுதியான பின் இது மிஞ்சினால், ஒட்டுண்ணி நுண்ணுயிர் ஒன்றே காரணம் என்று வளர்ப்போர் கருதுகின்றனர். ஒன்றுக்கு வந்தது தொட்டியிலுள்ள மற்ற மட்டிகளுக்கும் பரவக்கூடும்.

இதற்கு வளர்ப்போர் கையாளும் வைத்தியம் நன்னீர்க் குளிப்பு. கேட்பதற்குக் கொடுமையாக இருந்தாலும், மட்டி ஓட்டை மூடிக்கொண்டு சிறிது நேரம் நன்னீரைத் தாங்கும்; ஒட்டுண்ணி தாங்காது. ஆர்.ஓ. நீரைத் தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, ஒரு சிட்டிகை அப்பச்சோடா கரைத்துக் காரகாடித் தன்மையை (பி.எச்.) தொட்டியோடு ஒப்பாக்கி, மட்டியை அதில் 20 முதல் 30 நிமிடம் வைக்க வேண்டும். ஒட்டியுள்ள சிறு கல்லோடு சேர்த்தே இறக்குங்கள், பிடுங்காதீர்கள். முதல் நிமிடங்களில் அது சளி கக்கும். அது எதிர்பார்க்க வேண்டியதே. மடல் தளர்ந்து வாய் பிளந்து, தொட்டாலும் மூடாமல் போனால் நேரம் பாராமல் எடுத்துவிட வேண்டும். திருப்பி வைக்கும்போது நீருக்கடியில் இருபுறமும் சாய்த்து உள்ளே நின்ற காற்றை வெளியேற்றுங்கள்.

என் டெராசாவுக்கு இதனை ஒரே ஒருமுறை செய்தேன், ஐந்தாம் நாள் மடிப்பு அவிழ்ந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த மூன்று பேர் அளந்து பாராமல் இதே குளிப்பைக் கொடுத்து, ஏற்கெனவே களைத்திருந்த மட்டிகளை இழந்தார்கள். ஆகவேதான் இதனை இவ்வளவு பின்னால் வைத்து எழுதுகிறேன்.

மட்டி நகர்கிறது, கவிழ்கிறது

இடம் பிடிக்காத மட்டி ஓட்டைச் சட்டென்று மூடி நீரைப் பீச்சித் தாவும். பாறையின் மேலிருந்து உருண்டு விழுந்து, மடல் கீழாகக் கிடந்தால் மூச்சடைக்கும். வந்த புதிதில் உள்ளங்கை அளவு தட்டைக் கல்லில் வைத்து, இரு பக்கமும் சிறு கற்களால் அணை கொடுங்கள். இரண்டொரு நாளில் இழை பிடித்தபின் கல்லோடு வேண்டிய இடத்துக்கு மாற்றலாம். பழகிய மட்டி திடீரென நகர்ந்தால் ஒளியோ நீரோட்டமோ மாறியிருக்கிறது, அல்லது அடியில் ஏதோ அரிக்கிறது.

ஓட்டில் அரிசிமணி போன்ற வெள்ளைப் புள்ளிகள்

விளக்கு அணைந்து இரண்டு மணித்தியாலம் கழித்துச் சிவப்பு ஒளி டோர்ச்சால் பாருங்கள். மடலின் ஓரத்திலும் அடித்துளையைச் சுற்றியும் அரிசிமணியிலும் சிறிய வெள்ளை நத்தைகள் வரிசையாக நின்றால், அவை பிரமிடெல்லிட் நத்தைகள். குழலை நீட்டி மட்டியின் சாற்றை உறிஞ்சுபவை. பகலில் மணலுக்குள்ளும் ஓட்டின் மடிப்புக்குள்ளும் மறைந்துவிடும். மட்டியை எடுத்து, கடல்நீர் நிறைந்த வாளியில் மென்மையான பல்துலக்கியால் ஓட்டைத் தேய்த்து, பளிங்கு போன்ற பசை முட்டைத் திரள்களையும் துடையுங்கள். முட்டைகள் மிஞ்சும் என்பதால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, ஒரு மாதம் தொடர வேண்டும். ஆறுகோட்டு வ்ராஸ் மீன் இவற்றைத் தின்னும். புதிய மட்டியைத் தனித்தொட்டியில் ஒரு மாதம் வைத்திருந்தால் இத்தொல்லையே வராது. நானும் எல்லோரையும் போல இதை இரண்டாம் முறைதான் கற்றேன்.

உயிர்ப்பாறையோடு (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை) வரும் சைமாட்டியம் என்னும் மயிர்த்தோல் சங்கு வேறு வகை எதிரி. குஞ்சாக நுழைந்து மட்டிக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்றுவிடும். கண்டால் கையால் எடுத்தெறிவதைத் தவிர வேறு வழியில்லை.

மடலின் ஓரம் கடிபட்டிருக்கிறது

மீன் கடித்த காயம் பிறை வடிவில் இருக்கும், பகலில் உண்டாகும். வண்ணத்துப்பூச்சி மீன், குள்ள ஏஞ்சல், கிளாத்தி, பேத்தை ஆகியவற்றை மட்டியோடு சேர்க்காதீர்கள். “என் ஏஞ்சல் தொடுவதில்லை” என்பவரின் ஏஞ்சல், உணவு ஒரு நாள் தவறியதும் தொடும். மயிர்ப்புழுக்கள் மேல் பழி போடுவோர் பலர். அவை பெரும்பாலும் ஏற்கெனவே சாகும் மட்டியைத்தான் தின்ன வருகின்றன.

ஓட்டில் வெள்ளைக் கோடு நின்றுவிட்டது

மடல் அழகாக விரிந்திருந்தும் வளர்ச்சிக் கோடு மங்கினால் காரத்தன்மையை அளந்து பாருங்கள். வேகமாக வளரும் மட்டி அதனையும் கல்சியத்தையும் நாள்தோறும் உண்ணும். 100 லீற்றருக்கு 3 கிராம் அப்பச்சோடா ஏறக்குறைய 1 டி.கே.எச். உயர்த்தும், நாளுக்கு அதற்கு மேல் உயர்த்தக்கூடாது. ஆர்.ஓ. நீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் தூய்மை தெரியாததால் நான் செய்வதில்லை.

தொட்டி திடீரெனப் பால் போலாகிறது

மட்டி இடைவிட்டுச் சுருங்கி வெண்புகை போல் கக்கினால் அது இனப்பெருக்கம். முதலில் விந்து, வளர்ந்த மட்டியானால் பின்னர் முட்டை. மட்டிக்குக் கேடில்லை, ஆனால் சிறு தொட்டியில் நீர் கெட்டு ஒட்சிசன் குறையும். ஸ்கிம்மரையும் காற்று மோட்டரையும் முழுவலுவில் ஓடவிட்டு, கரி இட்டு, கால்பங்கு நீரை மாற்றுங்கள். முடியுமானால், கக்கும் மட்டியைக் கல்லோடு ஒரு வாளிக் கடல்நீருக்கு மாற்றி, முடியும்வரை அங்கே வைக்கலாம்.

மட்டி இறந்துவிட்டால்

ஓடு அகலத் திறந்து, மடல் ஓட்டிலிருந்து விலகி, தொட்டும் அசைவில்லை என்றால் அந்த நிமிடமே வெளியே எடுங்கள். காலை வரை பார்ப்போம் என்று விட்டால், அந்த இரவுக்குள் அழுகல் மற்ற உயிர்களையும் கொண்டுபோகும். எடுத்தபின் மூன்று நாள் தொடர்ந்து அமோனியாவை அளந்து, தென்படும்போதெல்லாம் நீரை மாற்ற வேண்டும்.

இழந்ததற்கு ஈடாக நிலாவெளிக் கரைக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவுப் பக்கம் போய் ஒன்றை எடுத்து வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2003 முதல் அது தேசிய பூங்கா. அங்கிருந்து ஒரு கிளிஞ்சலையும் எடுக்கக்கூடாது. இராட்சத மட்டி இனங்கள் அனைத்தும் அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளதால், வெளிநாட்டிலிருந்து வரும் பண்ணை மட்டிக்கும் அனுமதிப் பத்திரம் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள். அமோனியா இரண்டு வாரம் தொடர்ந்து பூச்சியமாகவும் உவர்த்தன்மை 35இலும் நிற்பதை எழுதிவைத்துக் கண்டபின், மாரி தொடங்குமுன், கல்லோடு ஒட்டிய ஒன்றை வாங்குங்கள்.